மோட்டார் பேஸ் பிளேட் ஸ்கெட்ச்: ஒரு நம்பரை மாத்துனா மொத்தமும் கோணிக்குது (ஃப்ரீகேட்)

துறைமுகத்தான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் முதுநகர்ல மாமா ஃபேப்ரிகேஷன் பட்டறை வச்சிருக்காரு, நான் டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிட்டு அவர்கூடதான் இருக்கேன். துறைமுகத்துல ஐஸ் உடைக்கிற மெஷினுக்கு மோட்டார் பேஸ் பிளேட் அடிக்கடி வரும், உப்புக்காத்துல ஒரு பிளேட்டும் ரொம்ப நாள் நிக்காது. இதுவரைக்கும் பிளேட் மேல சாக்பீஸ்ல மார்க் போட்டு, ஸ்லாட்டுக்கு, அதாவது நீள ஓட்டைக்கு, வரிசையா ட்ரில் அடிச்சு, நடுவுல இருக்கறத உளியால தட்டி ஃபைல் போட்டு எடுப்போம், ஒரு பிளேட்டுக்கு அரைநாள் போயிடும். இனிமே பாண்டில லேசர்ல குடுத்து வெட்டிக்கலாம்னு மாமாகிட்ட பேசி ஒத்துக்க வச்சாச்சு. வரைய வேண்டியது நான்.

மோட்டார் 3 ஹெச்பி, ஃப்ரேம் (மோட்டார் பாடி சைஸ்) 100எல். கால் ஓட்டை தூரம் 160 x 140. பிளேட் 260 x 190, கனம் 10, எல்லாம் மில்லிமீட்டர். நாலு ஸ்லாட், மோட்டாரை நகர்த்தி பெல்ட் இறுக்கறதுக்கு. ஃப்ரீகேட்னு ஒரு இலவச டிராயிங் சாஃப்ட்வேர், அதுல ஸ்கெட்ச்சர்ல வரைஞ்சேன், பாக்க அழகா வந்துச்சு. ஆனா கோடெல்லாம் வெள்ளையாவே இருக்கு. சரி போகட்டும்னு விட்டுட்டு, 5 ஹெச்பி மோட்டாருக்கு 160ஐ 190 ஆக்குனா ஒரு ஸ்லாட் பிளேட்டை விட்டு வெளிய ஓடிடுச்சு, இன்னொண்ணு முறுக்கிக்கிட்டு எட்டு மாதிரி ஆயிடுச்சு, பிளேட்டே கோணலா நிக்குது. இன்னொரு ஃபைல்ல பேட் (ஸ்கெட்ச்சுக்கு கனம் குடுக்கற பட்டன்) அழுத்துனா வயர் இஸ் நாட் க்ளோஸ்டுன்னு வருது, எங்க தெறந்திருக்குன்னு கண்ணுக்குத் தெரியல. யாராச்சும் சொல்லுங்க.

---

பச்சைமிளகாய் எழுதியது:

தம்பி, வெள்ளைன்னா அந்தக் கோடு இன்னும் முழுசா கட்டுப்படலன்னு அர்த்தம். முழுசா கட்டுப்பட்டா பச்சை ஆகும். நீ 190 போட்டதும் சால்வர், அதாவது உள்ள கணக்கு போடறது, என்ன பண்ணும், குடுத்த கண்டிஷனை எப்படியாச்சும் நிறைவேத்தணும், மத்ததெல்லாம் அதுக்கு இஷ்டம், அதனால எது சுலபமா நகருதோ அதை நகர்த்திடும். ஸ்லாட் வெளிய ஓடுனது அதனாலதான்.

லாஸ்பேட்டைல நான் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கும்போது முதல் நாளே எண்ண வச்சிடுவேன். ஒரு கோட்டுக்கு ரெண்டு முனை, முனைக்கு எக்ஸ், ஒய்னு ரெண்டு, ஆக 4 ஃப்ரீடம், அதாவது 4 விதமா ஆடலாம். செவ்வகம்னா நாலு கோடு, 16. நாலு மூலையும் ஒட்டினா மூலைக்கு 2 வீதம் 8 போச்சு. ரெண்டு ஹரிஸான்டல் ரெண்டு வெர்டிகல், 4 போச்சு. மிச்சம் 4. அந்த நாலு என்ன? அகலம், உயரம், எக்ஸ்ல எங்க, ஒய்ல எங்க. அகலம் உயரம் நீ குடுத்திருப்ப, எங்க நிக்கணும்னு சொல்லியிருக்க மாட்ட. எதிரெதிர் மூலை ரெண்டையும் ஆரிஜின் புள்ளியையும் புடிச்சு சிமெட்ரிக் போடு, அந்த ரெண்டும் போயிடும், பிளேட் நடுவுல ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்.

ஸ்லாட்டையும் எண்ணிப் பாரு. ஆர்க், அதாவது முனைல இருக்கற வளைவு, ஒண்ணுக்கு 5, ரெண்டுக்கு 10. கோடு ரெண்டுக்கு 8. மொத்தம் 18. நாலு இடத்துல முனையோட முனை டேன்ஜென்ட், அதாவது முனை ஒட்டி ஒடியாம சேரணும், ஒவ்வொண்ணும் 3 எடுக்கும், 12 போச்சு, மிச்சம் 6. ரெண்டு ஆர்க்கும் ஈக்வல்னு சொன்னா 5. எக்ஸ், ஒய், நீளம், ரேடியஸ், சாய்வு. ஸ்லாட் டூல்ல வரைஞ்சா டேன்ஜென்ட்டும் ஈக்வலும் அதுவே போட்டுக்கும். நீ கோடு தனியா ஆர்க் தனியா வரைஞ்சிருந்தா எட்டு மாதிரி முறுக்கிக்கறதுல ஆச்சரியமே இல்ல.

டாஸ்க் பேனல்ல இத்தனை ஃப்ரீடம் பாக்கின்னு ஒரு வரி வரும், அதைக் க்ளிக் பண்ணா எதெது ஆடுதோ அதெல்லாம் செலக்ட் ஆகும். அப்படியும் புரியலன்னா மவுஸால ஒரு முனையப் புடிச்சு இழு. எது ஆடுதுன்னு கண்ணாலயே பாத்துடலாம், நான் இன்னிக்கும் இதைத்தான் பண்றேன்.

வயர் க்ளோஸ் ஆகலன்னா எடிட்ட விட்டு வெளிய வந்து ஸ்கெட்ச்ச செலக்ட் பண்ணி வேலிடேட் ஸ்கெட்ச் போடு. ரெண்டு முனை கிட்டத்துல வந்து ஒட்டாம நிக்கிறத தேடி ஒட்டி வச்சிடும். ஸ்க்ரீன்ல ஒட்டுன மாதிரிதான் தெரியும், ஜூம் பண்ணிக்கிட்டே போனா இடைவெளி தெரியும்.

---

மினிடிராஃப்டர் எழுதியது:

நான் நெய்வேலில டிராயிங் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன், இப்ப மஞ்சக்குப்பத்துல இருக்கேன். ஒரு செவ்வகம், நாலு ஸ்லாட். இதுக்கு 16, 18, 5ன்னு கணக்கு போட்டுக்கிட்டு இருக்கறத பாத்தா சிரிப்பா வருது அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஆட்டோகேட்ல எஃப்8 (கோடு நேரா மட்டும் போகும்) ஆன் பண்ணிட்டு, 260 அடிச்சு என்டர், 190 அடிச்சு என்டர், ஆஃப்செட், சர்க்கிள், ட்ரிம், மிரர். அஞ்சு நிமிஷ வேலை. கோடு போட்ட எடத்துல நிக்கும், எங்கயும் ஓடாது. 5 ஹெச்பிக்கு வேணும்னா ஸ்ட்ரெட்ச்ல புடிச்சு 15 இந்தப்பக்கம் 15 அந்தப்பக்கம் இழுத்தா முடிஞ்சுது.

தம்பிக்கு நான் சொல்றது, ஆஸ்னாப் (முனைய தானா புடிக்கறது) ஆன்ல இருக்கணும், கண்ணால பாத்து முனைய சேக்கக் கூடாது. போர்டுல மினி டிராஃப்டர் வச்சு வரைஞ்ச காலத்துலயே எங்க சீஃப் கண்ணளவுல கோடு போட்டா ஷீட்டைக் கிழிச்சிடுவாரு.

---

நீலக்கோடு எழுதியது:

சார் சொல்றது ஒரே ஒரு பிளேட்னா சரிதான், நானும் அவசரத்துக்கு ஆட்டோகேட்லதான் அடிப்பேன். ஆனா துறைமுகத்தான் கேஸ் அப்படி இல்லையே, மாசாமாசம் வேற வேற மோட்டாருக்கு அதே பிளேட். ஸ்ட்ரெட்ச் பண்ணும்போது ஜன்னல் போட்டு புடிக்கறதுல ஒரு ஆர்க் விட்டுப்போனா போதும், ஸ்லாட் நீளம் மாறிடும், பிளேட் வெட்டி வந்தப்புறம்தான் தெரியும்.

அப்புறம் இந்த கன்ஸ்ட்ரைன்ட், அதாவது கோட்டைக் கட்டற சமாச்சாரம் இப்ப வந்த புதுசுன்னு நினைச்சுடாதீங்க சார். 1963ல எம்ஐடில ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட்னு பண்ணாரு, டிஎக்ஸ்-2ன்னு ஒரு கம்ப்யூட்டர், ஸ்க்ரீன் மேல லைட் பேனா வச்சு வரையறது. அதுலயே இந்தக் கோடும் அந்தக் கோடும் பேரலல், இந்த ரெண்டும் ஒரே நீளம்னு சொன்னா அதுவே சரி பண்ணிக்கும். ஆட்டோகேட் வந்ததே 1982ல. அதுல கோட்டைக் கட்டற இந்த பாராமெட்ரிக் டேப் வந்தது 2010 வெர்ஷன்ல. அதாவது முதல்ல வந்த யோசனை இதுதான், நடுவுல சின்ன கம்ப்யூட்டர்ல ஓடறதுக்காக வெறும் கோடு மட்டும் போதும்னு ஆயிப்போச்சு.

நான் சேதராப்பட்டுல ஒரு கம்பெனில சாலிட்வொர்க்ஸ்ல உக்காந்திருக்கேன், அங்க கட்டுப்படாத கோடு நீலம், கட்டுப்பட்டது கருப்பு, அதிகமா கட்டினா மஞ்சள் சிவப்புன்னு கத்தும். கலர்தான் வேற, பழக்கம் ஒண்ணுதான். தம்பி, ஒரு ஒழுங்கு சொல்றேன். உருவம் சம்பந்தப்பட்டத முதல்ல போடு, அதாவது ஹரிஸான்டல், ஈக்வல், சிமெட்ரிக், டேன்ஜென்ட். நம்பரை கடைசில போடு. நம்பரை முதல்ல போட்டா பாதி வரைஞ்ச உருவம் தாறுமாறா இழுத்துக்கும். மூலை ரவுண்டு பண்றதெல்லாம் எல்லாத்துக்கும் கடைசி.

---

மினிடிராஃப்டர் எழுதியது:

1963 விஷயம் எனக்குப் புதுசு. நன்றி. ஆனா ஜன்னல் போடத் தெரியாதவனுக்கு எந்த சாஃப்ட்வேர் குடுத்தாலும் ஒண்ணுதான்.

---

வில்லியனூர்_லேசர் எழுதியது:

நான் பாண்டி மேட்டுப்பாளையம் எஸ்டேட்ல லேசர் மெஷின் ஓட்றேன். இழையில எல்லாரும் வரையறத பத்தியே பேசறீங்க, ஃபைல் எங்ககிட்ட வரும்போது இன்னா கதி ஆகுதுன்னு யாரும் சொல்லல, அதனால நான் சொல்றேன்.

பத்து ஃபைல் வந்தா பாதில கோடு மேல கோடு இருக்கும். ஸ்க்ரீன்ல ஒண்ணாதான் தெரியும், மெஷினுக்கு அது ரெண்டு, ஒரே எடத்துல ரெண்டு வாட்டி வெட்டும், ஓரம் உருகி அசிங்கமாயிடும். ஆட்டோகேட்காரங்க அனுப்பறதுக்கு முன்னாடி ஓவர்கில் (ரெட்டைக் கோட்டை அழிக்கற கமாண்ட்) அடிங்க, அப்புறம் பிஎடிட்ல ஜாயின் போட்டு முழு அவுட்லைனும் ஒரே பாலிலைனா ஆகுதான்னு பாருங்க. ஆகலன்னா எங்கயோ இடைவெளி இருக்குன்னு அர்த்தம்.

அடுத்தது அளவுக்கோடு. டைமென்ஷன், சென்டர்லைன், பேரு, டைட்டில் பிளாக் எல்லாத்தையும் ஒரே லேயர்ல போட்டு அனுப்புவாங்க. மெஷினுக்கு எது வெட்டற கோடு எது எழுத்துன்னு தெரியாது. நாங்க உக்காந்து அழிக்கணும், அழிக்கும்போது ஒரு ஓட்டையும் சேந்து போனா எங்கள திட்டுவீங்க. வெட்டறது மட்டும் டிஎக்ஸ்எஃப்ல (மெஷினுக்குப் போற கோட்டு ஃபைல்) வரட்டும், அளவு போட்டது தனியா பிடிஎஃப்ல வரட்டும். ஃப்ரீகேட்ல கன்ஸ்ட்ரக்‌ஷன் கோடா மாத்தி வச்சது எக்ஸ்போர்ட்ல வராது, அது ஒரு நல்ல விஷயம்.

யூனிட். டிஎக்ஸ்எஃப் ஃபைல் உள்ள இன்ஸ்யூனிட்ஸ்னு ஒண்ணு இருக்கும், 4ன்னா மில்லிமீட்டர், 1ன்னா இன்ச். அது காலியா இருந்தா எங்க சாஃப்ட்வேர் ஒண்ணு நினைச்சுக்கும் உங்க சாஃப்ட்வேர் ஒண்ணு நினைச்சுக்கும், 260 பிளேட் 6604 ஆகி வந்து நிக்கும். பிளேட்டே ஆறரை மீட்டர்னா நாங்களே சிரிச்சுட்டு போன் பண்ணிடுவோம், சின்ன வாஷர்னா யாருக்கும் தெரியாமயே போயிடும். வாட்ஸப்ல ஃபைல் அனுப்பும்போதே வெளியளவு 260 x 190, கனம் 10, எம்எஸ் (மைல்டு ஸ்டீல்), இத்தனை பீஸ்னு ஒரு வரி எழுதிடுங்க.

கெர்ஃப், அதாவது லேசர் தின்னுற அகலம், அதை நீங்க கணக்கு பண்ணி வரையாதீங்க. நாங்க மெஷின்ல குடுத்துடுவோம். நீங்களும் கழிச்சு நாங்களும் கழிச்சா ஓட்டை லூசா போயிடும். எம்10 போல்ட் போகணும்னா 11 வரைங்க, நேரா 11. டேப் அடிக்கிற ஓட்டைன்னா எம்10க்கு 8.5. அப்புறம் பிளேட் கனத்தை விட சின்ன ஓட்டை கேக்காதீங்க, 10 பிளேட்ல 6 ஓட்டைன்னா வாய் கோணி வரும், அதுக்கு பாப், அதாவது சென்டர்ல ஒரு புள்ளி மட்டும் போடறோம், நீங்க ட்ரில் அடிச்சுக்குங்க.

---

துறைமுகத்தான் எழுதியது:

அக்கா, அண்ணா, ஐயா, எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி உக்காந்து முதல்ல இருந்து வரைஞ்சேன். ஸ்லாட் டூல்ல ஒண்ணு வரைஞ்சு ஹரிஸான்டல் போட்டு, அகலம் 11, ரெண்டு ஆர்க் சென்டருக்கு நடுவுல 30. மாமாகிட்ட பெல்ட் பக்கம் கேட்டேன். மோட்டார் 160ல உக்கார்ற எடத்துல இருந்து இறுக்கற பக்கம் 25 வேணும்டா, பெல்ட் மாட்டறதுக்கு உள்பக்கம் 5 போதும்னு சொன்னாரு. அதனால இடது ஸ்லாட்டை வெளிய 25, உள்ள 5ன்னு வச்சு, அப்படியே ஒய் அச்சுக்கு அந்தப்பக்கம் மிரர், அப்புறம் ரெண்டையும் எக்ஸ் அச்சுக்கு கீழ மிரர். பாக்கி ஃப்ரீடம் ஜீரோ, எல்லாம் பச்சை! 160ஐ 190 ஆக்கிப் பாத்தேன், நாலு ஸ்லாட்டும் ஒழுங்கா விலகிப் போச்சு. பேட் ஏறிடுச்சு. லேசருக்கு அனுப்பலாமா?

---

பச்சைமிளகாய் எழுதியது:

சூப்பர் தம்பி. அனுப்பிடு.

---

நீலக்கோடு எழுதியது:

அருமை. வெளியளவு எழுத மறக்காத.

---

ஃபிட்டர்_தட்டாஞ்சாவடி எழுதியது:

அனுப்பாத அனுப்பாத. நில்லு.

பச்சை பச்சைன்னு எல்லாரும் கொண்டாடறீங்க, மோட்டார் எப்படி நகரும்னு யாராச்சும் பாத்தீங்களா? மோட்டார் கால் நாலும் ஒரே வார்ப்பு. ஒரு போல்ட் இடப்பக்கம் போனா நாலும் இடப்பக்கம்தான் போகும். நீ என்ன பண்ணியிருக்க, இடது ஸ்லாட் இடப்பக்கம் 25 வலப்பக்கம் 5. மிரர் பண்ணதால வலது ஸ்லாட் வலப்பக்கம் 25, இடப்பக்கம் 5. இப்ப பெல்ட்டை இறுக்க மோட்டாரை இடப்பக்கம் தள்ளு. இடது போல்ட்டுக்கு 25 இடம் இருக்கு. வலது போல்ட் 5 போனதும் முட்டிக்கும். அந்தப்பக்கம் தள்ளு, இப்ப இடது போல்ட் 5ல முட்டும். மொத்தத்துல மோட்டார் ஆட இடம் 10 மில்லி. நீ வெட்டி வச்சிருக்கறது 30 மில்லி ஸ்லாட்.

இந்த மாதிரி பிளேட் எங்க ஷாப்புக்கு வந்திருக்கு. கம்ப்யூட்டர்ல வரைஞ்சதுதான், பாக்க அவ்ளோ அழகு. ரெண்டு ஸ்லாட்டை கிரைண்டர் போட்டு நீட்டிட்டு மாட்டுனோம், பார்ட்டிகிட்ட யாரும் சொல்லவும் இல்ல.

---

நீலக்கோடு எழுதியது:

அய்யோ ஆமா. நான் ஜீரோ ஃப்ரீடம்ன்ற வரிய பாத்ததோட சரி.

---

துறைமுகத்தான் எழுதியது:

அண்ணா கும்பிடறேன். காலைல ஃபைல் போயிருக்க வேண்டியது. அப்ப மிரரே போடக் கூடாதா? அக்கா, எப்படி கட்டறது?

---

பச்சைமிளகாய் எழுதியது:

ஃபிட்டர் அண்ணே, நல்ல வேளை பாத்தீங்க. சால்வருக்கு மோட்டார்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது, அது பாக்கறது எத்தனை சமன்பாடு எத்தனை மாறின்றத மட்டும்தான்.

தம்பி, ஒய் அச்சுக்கு போட்ட சிமெட்ரிக்க எடுத்துடு. எக்ஸ் அச்சுக்கு மேல கீழ போட்டது இருக்கட்டும், ஷாஃப்ட் நீளத்துல மோட்டார் நகரப்போறது இல்ல, அதுக்கு 140 மட்டும்தான் வேணும். இப்ப இடது ஸ்லாட்டோட இடது ஆர்க் சென்டர்ல இருந்து வலது ஸ்லாட்டோட இடது ஆர்க் சென்டருக்கு 160 போடு. புரியுதா, இடதுல இருந்து இடதுக்கு. ஸ்லாட்டோட நேர்க்கோடு ரெண்டுக்கும் ஈக்வல். அப்ப ரெண்டும் ஒரே திசைல ஒரே அளவு இருந்தே தீரணும். 160ன்றது மோட்டார் கால்ல நிஜமா இருக்கற அளவு, அதை ஸ்கெட்ச்லயும் அப்படியே வச்சா மோட்டார் மாறுனாலும் கெடாது.

---

மினிடிராஃப்டர் எழுதியது:

இந்த விஷயத்துல அம்மா சொல்றதோட முழுசா ஒத்துப்போறேன். எந்த அளவை எங்க இருந்து போடறதுன்றதுதான் டிராயிங், மத்ததெல்லாம் கோடு.

ஒரு உதாரணம் சொல்றேன். வரிசையா ஆறு ஓட்டை, அஞ்சு இடைவெளி. ஒவ்வொரு இடைவெளிக்கும் 50ன்னு தொடர்ச்சியா போட்டு, ப்ளஸ் ஆர் மைனஸ் 0.2 குடுத்தா, கடைசி ஓட்டைக்கு வரும்போது தப்பு 1.0 வரைக்கும் சேரலாம். அதே ஆறையும் முதல் ஓட்டைல இருந்தே 50, 100, 150ன்னு போட்டா ஒவ்வொண்ணுக்கும் 0.2தான். வரைபடத்துல ரெண்டும் ஒரே படம். பட்டறைல ரெண்டும் வேற பிளேட். ஸ்க்ரீன்ல எல்லாமே கச்சிதமா இருக்கறதால இப்ப பசங்களுக்கு இது உறைக்கறதில்ல.

இந்த பிளேட்டுக்கு வருவோம். எனக்கு ஒரு சந்தேகம், 25ம் 5ம் பிளேட் மேலதான் இருக்கணும்னு யார் சொன்னது? ஸ்லாட் 30, ஸ்லாட்டுக்கு ஸ்லாட் 160. இந்த உருவம் தானாவே ரெண்டு பக்கமும் சமமாத்தான் இருக்கு. இடது மூலைல இருந்து எழுதிப் பாருங்க: ஓரத்துல இருந்து 25ல முதல் சென்டர், 55ல அடுத்தது, 185, 215, அப்புறம் 25 விட்டா 240ல பிளேட் முடியுது. நடுக்கோடு 120, ரெண்டு பக்கமும் ஒண்ணு போலதான் இருக்கு. 260 தேவையே இல்ல. உள்ள 5 வெளிய 25ன்றது பிளேட்டை சேனல் மேல எங்க வச்சு வெல்டு அடிக்கிறீங்கன்றத பொறுத்தது. பிளேட் நடுவ பெல்ட் இறுக்கற பக்கமா 10 மில்லி தள்ளி வச்சா போதும்.

---

துறைமுகத்தான் எழுதியது:

ஐயா கொஞ்சம் குழப்பமா இருக்கு. அப்ப நான் மிரர் போட்டது சரியா தப்பா?

---

மினிடிராஃப்டர் எழுதியது:

ஸ்லாட் 15, 15ன்னு நடுவுல இருந்தா மிரர் போட்டாலும் நகர்த்தினாலும் ஒரே உருவம்தான் வரும், தப்பில்ல. 25, 5ன்னு ஆக்கிட்டு மிரர் போட்டதுதான் தப்பு. எந்த நம்பர் பிளேட்டுக்கு சொந்தம், எந்த நம்பர் மெஷினுக்கு சொந்தம்னு பிரிச்சுக்கோ. 160, 140, 30, 11 பிளேட்டோடது. 10 தள்ளறது கீழ இருக்கற சேனலோடது. ரெண்டையும் ஒரே ஸ்கெட்ச்ல திணிக்காத.

---

ஃபிட்டர்_தட்டாஞ்சாவடி எழுதியது:

பெரியவர் சொல்றது கரெக்ட்டு. பிளேட் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா எங்களுக்கும் நல்லது, திருப்பி மாட்டிட்டாங்கன்ற சண்டை வராது.

இன்னொண்ணு. ஸ்லாட் நீளம் 30ன்னு எழுதி எங்ககிட்ட குடுத்தா நாங்க முனைல இருந்து முனை 30ன்னுதான் எடுத்துப்போம், வெர்னியர்ல அப்படித்தான் அளக்க முடியும். உன் கணக்குல அது 41. லேசர்ல போச்சுன்னா ஃபைல் பேசிடும். கையால அடிக்கறவன்கிட்ட போச்சுன்னா 11 மில்லி காணாம போயிடும். பிடிஎஃப்ல சென்டர் டு சென்டர் 30, மொத்தம் 41ன்னு ரெண்டையும் எழுது.

வெல்டு அடிக்கும்போது நீளத்துக்கும் ஓட்டாதீங்க, விட்டு விட்டு அடிங்க. 10 பிளேட்னாலும் சூட்டுல வளையும், அப்புறம் மோட்டார் கால் நாலும் உக்காராது, போல்ட்டை இறுக்குனா கால் விரிசல் விடும். உப்புக்காத்துன்னு வேற சொல்ற, ஸ்லாட் உள்பக்கம் ரெட் ஆக்ஸைடு அடிக்க மறந்துடுவாங்க, துரு புடிச்சு போல்ட் நகராது, அங்கதான் முதல்ல அடிக்கணும்.

---

நீலக்கோடு எழுதியது:

இப்ப 240ன்றத நம்பரா அடிக்காத தம்பி. ஃப்ரீகேட்ல ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திற. ஒரு கட்டத்துல 160, ஒண்ணுல 140, ஒண்ணுல 30, ஓரம் 25. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏலியஸ் பேரு வை. ஸ்கெட்ச்ல டைமென்ஷன் பாக்ஸ்ல நீலமா எஃப்எக்ஸ்னு சின்ன குறி இருக்கும், அதை அழுத்தி அந்தப் பேரை குடு. பிளேட் அகலம் = கால் தூரம் + 30 + ஓரம் ரெண்டு தடவை. உயரம் = 140 + ஓரம் ரெண்டு தடவை.

ஐஇசி (சர்வதேச ஸ்டாண்டர்டு) ஃப்ரேம் அளவு இந்தா: 90எல் 140 x 125, 100எல் 160 x 140, 112எம் 190 x 140, 132எஸ் 216 x 140, 132எம் 216 x 178. 100ல இருந்து 132 வரைக்கும் கால் ஓட்டை 12, எம்10 போல்ட். 90க்கு ஓட்டை 10, எம்8 போல்ட், அதுக்கு ஸ்லாட் அகலம் 9 வை. ஆனா மோட்டார் கைல வந்ததும் ஒரு தடவை டேப் வச்சுப் பாத்துடு, ரீவைண்டிங் கடைல வாங்குன பழைய மோட்டார்னா கால் எந்த ஃப்ரேமோடதுன்னு நேம்பிளேட்டை நம்ப முடியாது.

---

துறைமுகத்தான் எழுதியது:

பண்ணிட்டேன் அண்ணா. 190 போட்டதும் அகலம் தானா 270 ஆச்சு, திரும்ப 160 போட்டா 240. 216 x 178 போட்டும் பாத்தேன், ஒண்ணும் கோணல. பிளேட் எடை பாத்தேன், 3.5 கிலோ கிட்ட வருது, 260ஐ விட 300 கிராம் கம்மி. மாமாவுக்கு மிரர் கதைய பேப்பர்ல வரைஞ்சு காட்டுனேன், ரெண்டு வெரலை வச்சு நகர்த்திப் பாத்துட்டு, "அட ஆமாடா"ன்னாரு. ஃபைல் அனுப்பியாச்சு, வெளியளவு எழுதி.

---

வில்லியனூர்_லேசர் எழுதியது:

எங்ககிட்டயா வேற கடைக்கா தெரியல, எதுவா இருந்தாலும் மெட்டீரியல் யாருதுன்னு முன்னாடியே பேசிக்க. பிளேட்டு நீ கொண்டு வந்தா துரு இல்லாம கொண்டு வா, துரு மேல லேசர் ஒழுங்கா ஏறாது.

---

கிரில்காரன் எழுதியது:

நல்ல இழை, நடுவுல என் சந்தேகத்தையும் நுழைக்கிறேன், தனி இழை போடணும்னா சொல்லுங்க. பாண்டில ஒரு பழைய வீட்டு பால்கனி கிரில், சுருள் சுருளா இருக்கு, துரு தின்னு பாதி போயிடுச்சு. வீட்டுக்காரர் அதே மாதிரி 6 மில்லி பிளேட்ல வெட்டிக் குடுன்னாரு. போட்டோ எடுத்து இன்டர்நெட்ல ஏதோ ஒண்ணுல போட்டு டிஎக்ஸ்எஃப் ஆக்குனேன், லேசர் கடைல இது ஆகாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பல்லு பல்லா இருக்காம்.

---

வில்லியனூர்_லேசர் எழுதியது:

போட்டோவுல இருந்து தானா மாத்துனா அது ஸ்பிளைனோ (நெளிவுக் கோடு) குட்டிக் கோடோ ஆயிரக்கணக்குல போடும். மெஷின் ஒவ்வொரு குட்டிக் கோட்டுலயும் திசை மாறும், வேகம் குறையும், வளைவு வழவழன்னு வராது. ஆர்க்கா குடுங்க. பெரிய வளைவுன்னாலும் நாலஞ்சு ஆர்க் போதும்.

---

பச்சைமிளகாய் எழுதியது:

ஃப்ரீகேட்லயே படத்தை இம்போர்ட் பண்ணலாம், புது வெர்ஷன்ல காலிப்ரேட்னு இருக்கு, படத்துல தெரிஞ்ச ரெண்டு புள்ளிய காட்டி நிஜ நீளம் இவ்ளோன்னு சொன்னா மொத்தப் படமும் அந்த அளவுக்கு வந்துடும். தெரிஞ்ச நீளம்னா கிரில்லோட முழு அகலத்தை எடுங்க, சின்னக் கம்பிய எடுத்தா தப்பு பெருசாகும்.

அது மேல ஸ்கெட்ச் போட்டு சுருளை ஆர்க் ஆர்க்கா வரைங்க, ஆர்க்கும் ஆர்க்கும் சேர்ற எடத்துல முனையோட முனை டேன்ஜென்ட். அப்பதான் ஒடிஞ்ச மாதிரி தெரியாது. முழு கிரில்லையும் வரையாதீங்க, அந்த மாதிரி டிசைன் பெரும்பாலும் ஒரு கால் பாகம்தான், மத்தது மிரர். இங்க மிரர் தாராளமா போடலாம், எதுவும் நகரப்போறது இல்ல :) ஆனா மிரர் கோட்டு மேல கோடு ரெண்டு தடவை விழாம பாத்துக்குங்க, லேசர் அண்ணன் கோச்சுப்பாரு.

போட்டோ எப்படி எடுத்தீங்க?

---

கிரில்காரன் எழுதியது:

தெருவுல நின்னு மேல பாத்து எடுத்தேன் அக்கா.

---

பச்சைமிளகாய் எழுதியது:

அப்ப அது ஆகாது. மேல போகப் போக குறுகி இருக்கும், காலிப்ரேட் பண்ணாலும் அகலம் சரியா வந்தா உயரம் தப்பா வரும். கிரில் உயரத்துக்கே போய், நேர் எதிர்ல நின்னு, கொஞ்சம் தள்ளி நின்னு ஜூம் பண்ணி எடுங்க. கிரில் மேல ஒரு ஸ்கேலை நிமித்தி ஒண்ணு படுக்க வச்சு ஒண்ணு கட்டி வச்சு எடுத்தீங்கன்னா ரெண்டு பக்கமும் சரிபாக்கலாம்.

---

கிரில்காரன் எழுதியது:

எதிர்வீட்டு மாடில கேட்டுப் பாக்கறேன். அவங்க நாய் வச்சிருக்காங்க, அதான் யோசனை.